1954: விட்ட கையும் விடாத கையும்



1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஒரு திங்கட்கிழமை. சகல பரிசுத்தவான்களின் திருநாளாகிய அன்று பிரான்சு தேசத்தில் பொது விடுமுறை. அந்த ஒரே நாளில், அத்தேசத்தின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த இரண்டு இடங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று நமக்கு அருகில், புதுச்சேரியில் நடந்தது. பிரெஞ்சு நிர்வாகம் கையெழுத்திட்டு இந்திய அரசின் கையில் ஒப்படைக்கப்பட்டது. பிரெஞ்சுக் கொடி பறந்த இடத்தில் இந்திய மூவர்ணக் கொடி ஏறியது. மற்றொன்று மத்தியதரைக் கடலின் தென்கரையில், அல்ஜீரியாவில் நடந்தது. நள்ளிரவு தொடங்கி விடிவதற்குள் அந்நாட்டின் பல ஊர்களில் ஏறத்தாழ 70 தாக்குதல்கள் நிகழ்ந்தன. ஏழரை ஆண்டுகள் நீடித்த ஒரு யுத்தத்தின் முதல் இரவு அது.

ஆட்சி ஒன்றே, பிரதமர் ஒருவரே, நாளும் ஒன்றே. ஓரிடத்தில் கை திறந்தது, மற்றோரிடத்தில் கை இறுகியது. இது எப்படி நேர்ந்தது? சென்னிமலையில் தறியையும் தோட்டத்தையும் நம்பி வாழுகிற நமக்கு இந்தக் கதையில் என்ன இருக்கிறது? இந்த வாரம் இதையே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

280 வருஷத்து வாசம்

பிரான்சுவா மார்த்தேன் என்பவர் 1674-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகக் குடியிருப்பை நிறுவினார். 1761-இல் ஆங்கிலேயர் அந்நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சமாதான உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மறுபடியும் கட்டினார்கள். அதன் பின்னும் ஊர் பலமுறை கை மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைசியாகத் திரும்பப் பெற்றபோது அவர்களிடம் எஞ்சியவை புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்னும் ஐந்து சிதறிய துண்டுகளே.

அந்த ஆட்சி மென்மையான ஆட்சி என்று எண்ணிவிட வேண்டாம். 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, நியாயமான வேலை நேரமும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்ட புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். வ. சுப்பையா போன்றோர் முன்நின்று நடத்திய அப்போராட்டத்தின் விளைவாகவே எட்டு மணி நேர வேலை என்பது அங்கே சட்டமாயிற்று. நூலும் துணியும் எப்படிப்பட்ட உழைப்பில் உருவாகின்றன என்று அறிந்த ஊரார் நாம். அந்தப் பன்னிரண்டு உயிர்களின் விலை நமக்குப் புரியும்.

1947-இல் ஆங்கிலேயர் போய்விட்டார்கள், பிரெஞ்சுக்காரர் போகவில்லை. 1948 ஜூன் மாதத்தில் இரு அரசுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. எந்த நாட்டோடு இருப்பது என்பதை அந்தந்த ஊர் மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்பது அதன் சாரம். வங்காளத்திலிருந்த சந்திரநாகூர் 1949 ஜூன் மாதம் வாக்களித்தது. இந்தியாவோடு சேர 7,463 பேரும், எதிராக 114 பேரும் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அவ்வூர் கைமாறியது. மற்ற நான்கு இடங்களிலும் இழுபறியே நீடித்தது. இந்திய அரசு சுங்க எல்லையை இறுக்கியது. ஒரு தெரு இந்தியாவிலும் அடுத்த தெரு பிரான்சிலும் கிடந்த ஊர்களில் சாதாரண மக்கள் அவதியுற்றார்கள்.

அந்த ஒரு வருஷம்

இனி 1954-க்கு வருவோம்.

மார்ச் 13-ஆம் தேதி வியட்நாமின் வடமேற்கு மலைகளுக்கு நடுவே, தியன் பியன் பூ என்னும் பள்ளத்தாக்கில் இருந்த பிரெஞ்சுப் படைமுகாமின்மேல் தாக்குதல் தொடங்கியது. ஐந்து நாள் கழித்து, மார்ச் 18-ஆம் தேதி, புதுச்சேரிப் பகுதியின் நகராட்சித் தலைவர்கள் வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு இணைத்துவிடுங்கள் என்று தீர்மானித்தார்கள். அதுவரை பிரெஞ்சுக்காரரின் பக்கம் நின்ற எதுவார் குபேர் போன்றவர்களே அணி மாறினார்கள். அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கம் விடுதலைக்காரரின் கைவசமாயிற்று.

மே 7-ஆம் தேதி தியன் பியன் பூ வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான வீரர் சிறைப்பட்டார்கள். அவர்களில் பிரெஞ்சுக்காரர் மட்டுமல்ல, அல்ஜீரியரும் மொராக்கோவினரும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் போரிட்ட வியட்நாமியரும் இருந்தார்கள். அச்செய்தி புதுச்சேரி, காரைக்கால் வீடுகளிலும் கலக்கத்தை உண்டாக்கியிருக்கும். அவ்வூர்களின் பிள்ளைகள் பலர் தலைமுறைகளாகச் சைகோன் நகரில் அரசு அலுவலும் வாணிபமும் பார்த்துவந்தவர்கள்.

ஜூன் மாதம் பியேர் மெந்தெஸ் பிரான்ஸ் என்பவர் பிரதமரானார். ஜூலை 20-க்குள் இந்தோசீன யுத்தத்தை முடிப்பேன், முடியாவிட்டால் பதவி விலகுவேன் என்று அவர் தேசத்துக்கு வாக்குக் கொடுத்தார். ஜெனீவாவில் அந்த உடன்பாடு குறித்த கெடுவிலேயே முடிந்தது. அம்மாதக் கடைசி நாளில் துனீசியாவுக்குப் பறந்து சென்று, உள்நாட்டுத் தன்னாட்சி தருவதாக அறிவித்தார்.

நம் கரையிலும் காரியங்கள் விரைந்தன. ஜூன் 13-ஆம் தேதி ஏனாம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகியது. ஜூலை 16-ஆம் தேதி மாஹேயும் விலகியது. அங்கே முன்நின்றவர் ஐ.கே. குமரன். அவரும் ஒரு குமரன்தான் என்பது நம் ஊராருக்கு இனிக்கும்.

அக்டோபர் 18-ஆம் தேதி கீழூர் என்னும் சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். சட்டமன்ற உறுப்பினரும் நகராட்சி உறுப்பினருமாக 178 பேர் வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினார்கள், எட்டுப் பேர் மறுத்தார்கள். மூன்று நாளில் புதுதில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 1-ஆம் தேதி கேவல் சிங் இந்திய அரசின் சார்பில் பொறுப்பேற்றார். 280 வருஷத்து ஆட்சி ஒரு காலைப்பொழுதில் அமைதியாக முடிந்தது.

மறுகரையில் நடந்தது

அல்ஜீரியாவைப் பிரான்சு 1830 முதல் படையெடுத்துப் பிடித்தது. 1848-இல் அந்நாட்டைத் தன் மாவட்டங்களாகவே அறிவித்துவிட்டது. 1954-இல் அங்கே ஏறத்தாழ 90 இலட்சம் முஸ்லிம் மக்களும் 10 இலட்சம் ஐரோப்பியக் குடியேறிகளும் வாழ்ந்தார்கள். 1947-இல் அமைத்துத் தந்த மன்றத்தில் 120 இடங்கள். அவற்றில் 90 இலட்சம் பேருக்கு 60, பத்து இலட்சம் பேருக்கு 60. அந்த அறுபதுக்கு நடந்த தேர்தலிலும் ஆட்சியாளர் கைவைத்து முறைகேடு செய்தார்கள். அதற்கு முன்பே, 1945 மே மாதம், செத்தீஃப் வட்டாரத்தில் எழுந்த கலகம் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டு அடக்கப்பட்டிருந்தது. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், செவிகொடுப்பார் இல்லை.

நவம்பர் 1-ஆம் தேதித் தாக்குதலுக்குப் பதினோரு நாள் கழித்து மெந்தெஸ் பிரான்ஸ் பாரிஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசினார். அல்ஜீரிய மாவட்டங்கள் பிரெஞ்சுக் குடியரசின் பகுதி, அவை பிரிந்துபோவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். அவருடைய உள்துறை அமைச்சர் ஃபிரான்சுவா மித்தரானும் அவ்விதமே அறிவித்தார். படைகள் கப்பலேறின.

அந்தப் பிரதமர் கொடியவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். இந்தோசீனாவை விட்டவர் அவர், துனீசியாவுக்கு வழி திறந்தவர் அவர், புதுச்சேரியை ஒப்படைத்ததும் அவருடைய அரசுதான். அப்படிப்பட்டவருக்கே அல்ஜீரியாவில் கண் மறைந்தது. மூன்று மாதத்துக்குள், 1955 பிப்ரவரியில், வட ஆப்பிரிக்கப் பிரச்சினையிலேயே அவருடைய ஆட்சி கவிழ்ந்தது.

யுத்தம் நீண்டது. கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட பிரெஞ்சு இளைஞர் இலட்சக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். கைதிகள் சித்திரவதை செய்யப்பட்டார்கள். இரு பக்கத்திலும் நிரபராதிகள் குண்டுக்கு இரையானார்கள். 1958-இல் அந்த நெருக்கடியால் பிரான்சின் குடியரசு அமைப்பே சரிந்து, தெ கோல் தலைமையில் புதியது எழுந்தது. 1962 மார்ச் மாதம் ஏவியன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று, ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதற்குள் இலட்சக்கணக்கான அல்ஜீரியரும் பல்லாயிரம் பிரெஞ்சு வீரரும் மாண்டிருந்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த ஐரோப்பியரில் மிகப் பெரும்பாலோர் பெட்டியோடு கப்பலேறினார்கள். பிரெஞ்சுப் படையில் சேவித்த அல்ஜீரியர் பெரும்பாலும் கைவிடப்பட்டார்கள், அவர்களில் பலர் தம் ஊராராலேயே கொல்லப்பட்டார்கள். அவர்களிடம் பிரான்சின் அதிபர் மன்னிப்புக் கேட்டது 2021-இல்தான். நடந்தது யுத்தம் என்று பிரெஞ்சுச் சட்டம் ஒத்துக்கொண்டதே 1999-இல்தான்.

எது கையை இறுக்கியது?

புதுச்சேரி சிறியது, அல்ஜீரியா பெரியது, சிறியதை விடுவது எளிதுதானே என்று நீங்கள் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. புதுச்சேரியில் பத்து இலட்சம் ஐரோப்பியர் இல்லை. சுற்றிலும் சுதந்திர இந்தியா இருந்தது. தியன் பியன் பூவில் பட்ட அடியும் பிரான்சுக்குப் பாடமாயிருந்தது. பிரெஞ்சுக்காரரின் பெருந்தன்மையால் மட்டுமே புதுச்சேரி விடுதலையாயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். நெட்டப்பாக்கத்திலும் மாஹேயிலும் நின்றவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

ஆயினும் அளவு ஒன்றே காரணமானால், மக்கள் தொகையில் பெரிதான இந்தோசீனாவை அவர்களால் எப்படி விட முடிந்தது? வேறொரு காரணமும் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. புதுச்சேரியைப் பிரான்சு ஓர் உடைமையாகவே வைத்திருந்தது. உடைமையை வருந்தியாவது விட்டுவிடலாம். அல்ஜீரியாவையோ உடைமை என்று அழைக்கவில்லை, பிரான்சு என்றே அழைத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அப்பெயரைச் சொல்லிச் சொல்லி, அங்கே தங்கள் பெயரோடும் மொழியோடும் மார்க்கத்தோடும் வேறொரு ஜனம் வாழ்கிறது என்பதே ஆண்டவர்களின் கண்ணுக்குத் தெரியாமற்போயிற்று. "என்னுடையது" என்று சொல்லும் பொருளைவிட "நானே" என்று சொல்லும் பொருளை விடுவது ஆயிரம் மடங்கு கடினம்.

1 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் ரெகொபெயாமின் சரித்திரத்தை எடுத்து வாசியுங்கள். ஜனங்கள் கலகம் செய்ய வரவில்லை. தகப்பன் வைத்த பாரத்தைச் சற்றே இலகுவாக்கும், உம்மைச் சேவிப்போம் என்றே கேட்டு வந்தார்கள். முதியோர் தயவாய்ப் பேசச் சொன்னார்கள். கூட வளர்ந்த வாலிபர் கடினமாய்ப் பேசச் சொன்னார்கள். ராஜா வாலிபரின் ஆலோசனைக்குச் செவிகொடுத்தான். பன்னிரண்டு கோத்திரத்தில் பத்து அன்றே போயிற்று. தன்னை நாடி வந்த ஜனத்தை அவன் ஜனமாகக் காணவில்லை. தன் தகப்பனின் நுகத்தில் பூட்டிய மாடுகளாகவே கண்டான்.

விடுவதும் ஓர் ஒழுங்கு

இன்னொன்றையும் புதுச்சேரி நமக்குக் கற்பிக்கிறது. விட்டுவிடுதல் வேறு, கைகழுவுதல் வேறு. பிலாத்து கை கழுவினான், அதனால் பொறுப்பு அவனை விட்டு நீங்கிவிடவில்லை.

1956 மே 28-ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தில், பிரிகிறவர்கள் பிரிந்த பின்னும் என்ன ஆகும் என்பது கருத்தோடு எழுதப்பட்டது. புதுச்சேரியில் பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும்வரை பிரெஞ்சு மொழி அலுவல் மொழியாக நீடிக்கும். பள்ளிக்கும் கல்வி நிலையங்களுக்கும் இடம் வைக்கப்பட்டது. 1955-இல் அங்கே தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நம் தமிழ் நாட்டுச் சைவ ஓலைச்சுவடிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் காத்து வருகிறது. ஆட்சி போன பின்பு அன்பு நின்றது. இன்றும் புதுச்சேரிக் காவலரின் தலையில் சிவப்புத் தொப்பியைக் காண்கிறீர்கள், அதைக் கண்டு எவரும் கோபப்படுவதில்லை.

அந்த ஒப்பந்தத்தைப் பாரிஸ் நாடாளுமன்றம் உடனே ஏற்கவில்லை. அல்ஜீரிய யுத்தம் முடியும்வரை அது கிடப்பில் கிடந்தது. அல்ஜீரியா விடுதலையான அடுத்த மாதம், 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. விடாத கை விட்ட கையையும் எட்டு வருஷம் இழுத்து வைத்திருந்தது.

நம் மண்ணின் இரண்டு சாட்சிகள்

பிரெஞ்சுக்காரர் நம் கொங்கு நாட்டுக்கு அந்நியரல்லர். மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்னும் குருவானவர் 1842-இல் புதுச்சேரிக்கு வந்து, 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்று, கோவை வட்டாரத்துக் கத்தோலிக்கத் திருச்சபையை நடத்தினார். இந்த மண்ணில் பிறந்தவர்களே குருக்களாகவும் ஆயர்களாகவும் இச்சபையை நடத்த வேண்டும், வெளிநாட்டார் அதற்கு வழிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத வாஞ்சை. அவருடைய காலத்தில் எல்லாரும் அதற்கு இணங்கவில்லை. 1850-களின் நடுவில் பொறுப்பைத் துறந்து போனவர், 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் காய்ச்சலால் மரித்தார். கீழூர் வாக்கெடுப்புக்கு நூறு வருஷம் முன்னரே, கருமத்தம்பட்டியில் ஒரு பிரெஞ்சுக்காரர் கையைத் திறக்கக் கற்றிருந்தார்.

அப்படியானால் எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாதா? நம் சென்னிமலையில் 1904-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன் இதற்கு விடை சொல்லுகிறார். 1932 ஜனவரி 10-ஆம் தேதி திருப்பூர் வீதியில் தடியடி பட்டு விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை அவர் விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. அந்த இறுகிய கையை நாம் வணக்கத்தோடு நினைக்கிறோம். அந்தப் பிடியினால் வேறொருவர் கழுத்தும் இறுகவில்லை, வேறொருவர் உரிமையும் பறிபோகவில்லை. அதற்குரிய விலை முழுவதையும் அவரே கொடுத்தார். பிடிப்பது சரியா, விடுவது சரியா என்று அறிய இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: என் பிடிக்கு விலை கொடுப்பது யார்?

அன்பானவர்களே, இந்தக் கேள்வியை நம் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். மகனுக்கு நாற்பது வயதாகியும் தறிக்கூடத்துக் கணக்கைக் காட்டாத தகப்பனார் நம்மிடையே இருக்கிறார். மருமகளின் சமையற்கட்டை இன்னும் தம்முடையதென்று எண்ணும் தாயார் இருக்கிறார். பங்காளிக்குச் சேர வேண்டிய வாய்க்கால் தண்ணீருக்காக இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடக்கிறவர் இருக்கிறார். சபைக் கமிட்டியில் ஒரே நாற்காலியில் அமர்ந்து, நான் எழுந்தால் சபையே விழும் என்று நம்புகிறவரும் இருக்கிறார். இவர்களில் எவரும் கெட்டவரல்லர். தகப்பனார் அந்தத் தறிக்கூடத்தை வியர்வை சிந்திக் கட்டியவர். ஆனால் கட்டியதையே "நான்" என்று பெயரிட்டுவிட்டார். அங்கே நிற்கிற மகன் இன்னொரு மனிதன் என்பது அவர் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

தறியில் அமர்ந்தவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் ஓர் இழையும் ஏறாது. அது இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓட வேண்டும், அப்போதுதான் துணி வளரும்.

நவம்பர் 1-ஆம் தேதியைப் புதுச்சேரியும் கொண்டாடுகிறது, அல்ஜீரியாவும் கொண்டாடுகிறது. ஓரிடத்தில் அது ஒப்படைத்த நாள், மற்றோரிடத்தில் யுத்தம் தொடங்கிய நாள். முடிவில் இரண்டு இடத்திலிருந்தும் பிரான்சு போகத்தான் வேண்டியிருந்தது. எப்படிப் போவது என்பது மட்டுமே அதன் கையில் இருந்தது. உங்கள் கையிலிருப்பதும் ஒருநாள் உங்களை விட்டுப் போகும். அதைக் கேட்டு வாசலில் நிற்கிறவர் இன்னும் தயவாய்க் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இந்த வாரத்தில் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். தேவன்தாமே அந்தப் பேச்சை ஆசீர்வதிப்பாராக.